இராமலிங்கம் ஈ

உலகத்தில் ஒரு மனிதனின் பெயர் நிலைக்க மூன்றே வழிகள்தாம் உண்டு: நாட்டைப் பிடிக்க வேண்டும், கோயில் கட்ட வேண்டும், அல்லது இதுவரை யாரும் பார்த்திராத பூச்சியைப் பிடிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இராமலிங்கத்துக்கு முதல் இரண்டுக்கும் லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது, ஒரு புதன்கிழமை காலை, அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் தானாகவே வந்து உட்கார்ந்தது.

எள்ளளவு உடம்பு. அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது போல் ரோமம்.

"சீதா! இனி இதுக்குப் பேரு இராமலிங்கம் ஈ!"

"பேரு அப்பறம் வைங்க. மொதல்ல அந்தச் சாக்கடையத் தேய்ங்க, வழுக்குது," என்றாள் மனைவி சீதாலெட்சுமி.

"பேனா புடிக்கிற கை தொடப்பம் புடிக்கிறதா? அதுக்குத்தான் பக்கத்து வீட்டுல சாக்கடைச் சாமியார் இருக்கானே!"

பக்கத்து வீட்டுக் கன்னையா பணிமனை ஃபிட்டர். ஞாயிறு தவறாமல் கொதிநீரும் தென்னந்துடைப்பமுமாகத் தன் வீட்டுச் சாக்கடைக்குப் பூசை செய்பவர். பட்டப்பெயர் காதில் விழுந்தால் சிரித்துக்கொள்வார்.

ஈயைத் தீப்பெட்டியில் அடைத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் யூனுஸிடம் கொண்டுபோனார் இராமலிங்கம்.

"இது அந்துப்பூச்சி கிராணி. பட்டு வேட்டியப் பத்திரமா வைங்க."

"அந்துக்கு நாலு இறக்கை, இதுக்கு ரெண்டு! எண்ணத் தெரியாத ஆளுக்கிட்டயா நாங்க ஊசி போட்டுக்கறோம்?"

மேசையில் அவர் ஓங்கிக் குத்தியதில் தீப்பெட்டி நசுங்கிப்போனது.

வேறு ஈ வேண்டும். வம்சம் பெருகட்டும் என்று, குளியலறைச் சாக்கடையை யாரும் தொடக்கூடாதென உத்தரவிட்டார். பத்தே நாளில் சுவர் கறுத்தது. சீதாலெட்சுமி வாளியைத் தூக்கிக்கொண்டு கன்னையா வீட்டுக்குக் குளிக்கப் போனாள்.

கிள்ளானிலிருந்து வாத்தியார் பழனியப்பன் பூதக்கண்ணாடியோடு ரயிலேறி வந்தார். மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் விழுந்த ஈயை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"பட்டாம்பூச்சிக் குட்டி."

"குட்டி போட அது என்ன பூனையா வாத்தியாரே? தின்ன சோத்துக்காவது ஒழுங்கா பதில் சொல்லக்கூடாதா?"

வாத்தியார் கோபித்துக்கொண்டு அடுத்த ரயிலில் போய்விட்டார்.

கடைசியில் ஆறு ஈக்களைப் பிராந்திச் சீசாவில் மிதக்கவிட்டு, மியூசியத்துப் பூச்சி நிபுணரான துரைக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் ஆபீஸெல்லாம் செய்தி பரவியது. 'ஈ' என்ற எழுத்தைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக்கூடப் பழகினார்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடியது. இராமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் படித்துச் சொன்னார்.

"அன்புள்ள ஐயா, தாங்கள் அனுப்பியது ஈ தான்..."

கைதட்டல்.

"அப்பறம்?" என்றார் கன்னையா.

அப்புறம் உள்ளதை இராமலிங்கம் மனத்துக்குள் படித்தார். 'இதற்குப் பெயர் வைத்து வெகுகாலமாகிறது. தேய்க்காத சாக்கடையின் பாசியில் முட்டையிடும். துடைப்பத்தால் தேய்த்துக் கொதிநீர் ஊற்றவும்.'

"அப்பறம்... சர்க்கார் ரகசியம்," என்று கடிதத்தை மடித்துக்கொண்டார்.

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக, குளியலறையில் குந்தி உட்கார்ந்து, சத்தம் வராமல் தேய்த்துக்கொண்டிருந்தார் இராமலிங்கம். பக்கத்தில் கொதிநீர்க் கெட்டில். தடுப்புச் சுவருக்கு மேலே கன்னையாவின் தலை மெல்ல எழும்பியது.

"மூலையில நல்லா அழுத்தித் தேய்ங்க கிராணி. மூணு வருசத்துக்கு முன்னால நான் அனுப்புன 'கன்னையா ஈ'க்கும் தொரை இதே கடுதாசிதான் போட்டாரு."