அத்திப்பழத்தோடு வந்தவனைத் தெரியாத கதவு

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கும் மேட்டுப் பக்கமாக, வயதான குங்கிலிய மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் மாரப்பன், பொன்னாத்தா என்ற இருவாச்சிப் பறவைத் தம்பதி குடும்பம் நடத்தினார்கள். நிழல், காற்று, பக்கத்திலேயே அத்திமரம் என்று அந்த இடத்துக்கு வேறு வசதிகளும் இருந்தன. ஆனால் விருந்தாளி வந்தால் மாரப்பன் டவரைப் பற்றித்தான் சொல்வான்.

இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்ததும் மனைவி பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கணவன் ஈர மண் கொண்டுவந்து கொடுப்பான். அதோடு தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலை அவள் பூசி அடைப்பாள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிஞ்சும். உள்ளே அவளுடைய இறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு தேறும்வரை பறக்க முடியாது. கணவன் அத்திப்பழங்களைத் தொண்டை வீங்க அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அந்த இடுக்கு வழியாக ஊட்டுவான். அவன் வரவில்லை என்றால் உள்ளே இருப்பவர்கள் கதை முடிந்தது.

இதுவரை யாரும் இதில் குறை கண்டதில்லை. ஆகவே இதை மேம்படுத்தியே தீர வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியது.

அவன் பெயர் ரோஷன். கருமந்திக் குரங்கு. டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரின் கூரைமேல் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியவன். காட்டில் அதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் ஒருநாள். "இந்தக் காலத்துல போய் யாராவது எச்சத்துல கதவு வெப்பாங்களா?"

மாரப்பன் கூசிப்போனான். அது எச்சம் என்று இத்தனை தலைமுறையில் யாரும் அவர்களிடம் எடுத்துச் சொன்னதில்லை.

"மண்ணும் கலந்திருக்குமுங்க தம்பி," என்றான் மெதுவாக.

ரோஷன் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு கதவு பளபளத்தது. நடுவில் ஒரு கண், அதன் கீழே ஒரு திரை. "ஸ்மார்ட் கதவு அங்கிள். உங்க முகத்தைப் பாத்தாத்தான் திறக்கும். வேற யாருக்கும் திறக்காது. அதுமட்டுமில்ல, உங்க பேரைச் சொல்லி வணக்கம் வெக்கும்."

"பேரைச் சொல்லியா?"

அங்கேதான் மாரப்பன் விழுந்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் 'ஏனுங்க'தான். தன் பெயர் காதில் விழுந்தே வெகுகாலமாகியிருந்தது.

பொன்னாத்தா கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏந்தம்பி, இடுக்கு எங்க?"

"இடுக்கு செக்யூரிட்டிக்கு ஆகாது ஆன்ட்டி. மூச்சு விடச் சல்லடை வெச்சிருக்காங்க."

"செரி, உள்ள இருந்து நான் எப்படித் தொறக்கறது?"

"அது அடுத்த மாடல்ல வருது ஆன்ட்டி."

"அப்ப நானும் அடுத்த மாடல்லயே முட்டை வெக்கறனே."

"நீ சித்த சும்மா இரு புள்ள. இதெல்லாம் உனக்குத் தெரியாது," என்றான் மாரப்பன். அவனுக்கும் தெரியாது. ஆனால் தெரியாததை வாங்குகிறவன் தெரிந்தவன் போலப் பேசியாக வேண்டும். கதவோடு கொடுத்த கையேட்டில் இது இல்லை, இருந்தாலும் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

பொன்னாத்தா உள்ளே போனாள். கதவு பொருத்தப்பட்டது. முகத்தைப் பதிய வேண்டும் என்றான் ரோஷன். போட்டோ என்றதும் மாரப்பனுக்குக் கை கால் ஓடவில்லை. இருவாச்சிக்கு வாலடியில் மஞ்சள் எண்ணெய் சுரக்கும். அதை எடுத்து அலகிலும் கொண்டையிலும் மாப்பிள்ளை போலப் பூசிக்கொண்டான். தொண்டையில் இருந்த மிச்சப் பழத்தை விழுங்கினான். கழுத்தை எக்கி, மூச்சைப் பிடித்து, பத்து வயது குறைந்தவன் போல நின்றான்.

"சூப்பர் அங்கிள். பதிஞ்சிருச்சு."

கதவோடு ஒரு செல்போன் இலவசமாக வந்தது. இருவாச்சிக்குச் சட்டைப்பை கிடையாது என்பதால், கதவு முதன்முதலாக மூடுவதற்கு முன்பே அதை மனைவியிடம் உள்ளே கொடுத்து வைத்தான். "உனக்கும் பொழுது போகுமில்ல?"

அன்று சாயங்காலம் மரத்தடியில் கூட்டம். மாரப்பன் முகத்தைக் காட்டினான். "வணக்கம், மாரப்பன்! வீட்டுக்கு வருக!" என்று கதவு திறந்தது. மூடியது. மறுபடி காட்டினான். மறுபடி திறந்தது. எதிர் மரத்து மலையணில் வாயைப் பிளந்தது. உள்ளே இருந்து, "ஏனுங்க, வேடிக்கை காட்டினது போதும். போய்ப் பழம் கொண்டாங்க. காலைல இருந்து ஒண்ணும் திங்கல," என்று ஒரு குரல் வந்தது.

மாரப்பன் போனான். தொண்டை வீங்க அத்திப்பழத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். கதவின் முன் நின்றான்.

"மன்னிக்கவும். உங்களை எங்களுக்குத் தெரியவில்லை," என்றது கதவு.

மாரப்பன் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். கிட்டே வந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். புன்னகைக்கவும் முயன்றான், இருவாச்சி அலகால் அது ஆகிற காரியமில்லை.

"உங்களை எங்களுக்குத் தெரியவில்லை. வேறு வீடு தேடி வந்திருந்தால் உதவி தேவையா?"

கடைசியில் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. பதிந்த முகத்தில் கழுத்து ஒல்லி. வந்திருக்கிற கழுத்து பானை. பழங்களை எல்லாம் கிளையில் கக்கி வைத்துவிட்டு முகத்தைக் காட்டினான்.

"வணக்கம், மாரப்பன்! வீட்டுக்கு வருக!"

குனிந்து ஒரு பழத்தை எடுத்து நிமிர்ந்தான். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. பாதுகாப்புக்காக அது உடனுக்குடன் மூடிக்கொள்ளும். பெட்டியின்மேல் அதைச் சிறப்பம்சம் என்று போட்டிருந்தார்கள். அலகு நுனியில் பழத்தோடு மறுபடி நின்றான். "உங்கள் முகத்தை ஏதோ மறைக்கிறது," என்றது கதவு.

ஆக, வெறுந்தொண்டையோடு வந்தால் கதவு திறக்கும். சாப்பாட்டோடு வந்தால் திறக்காது. கிளையில் வைத்த பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு கீழே விழுந்தன. கீழே இருந்த காட்டுப்பன்றிகள் மட்டும் இந்தத் தொழில்நுட்பத்தை முழுமனதோடு வரவேற்றன.

"ஏனுங்க," என்று சல்லடை வழியாகக் குரல் வந்தது. "அத்திப்பழ வாசம் வருது. பழந்தான் வர்ல."

மறுநாள் காலை மாரப்பன் மைனாவிடம் போனான். வாடிக்கையாளர் சேவையை மைனாவிடம்தான் கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும், அதற்குமேல் சொல்லாது. அந்த வேலைக்கு வேறு தகுதி கேட்பதில்லை.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்றது மைனா.

"அம்மணி, என்ற சம்சாரம் உள்ள பட்டினி கெடக்குதுங்க. முட்டை வேற வெச்சிருக்குது."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். கதவை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடவும்."

"எங்கீங்க அணைக்கறது?"

"அணைக்கும் பொத்தான் கதவின் உட்புறம் உள்ளது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

இருட்டுப் பொந்துக்குள் பொன்னாத்தா பொத்தானைத் தேடினாள். கிடைத்தது. அமுக்கினாள். கதவு அணைந்தது; எழுந்தது; "உங்களை எங்களுக்குத் தெரியவில்லை," என்றது, இன்னும் புத்துணர்ச்சியோடு.

மதியம் ரோஷனே வந்தான். "இவ்ளோதானா அங்கிள்? முகம் வேலை செய்யலன்னா ஓடிபி இருக்கே. திரையில இந்த இடத்தைத் தொடுங்க. உங்க போனுக்கு நாலு நம்பர் வரும். அதைப் போட்டாத் திறந்துக்கும், அலகு உள்ள இருக்கறவரைக்கும் மூடாது."

"போனு உள்ள இருக்குதே தம்பி."

"ஆன்ட்டி படிச்சுச் சொல்லட்டும்."

அப்படியே ஆயிற்று. மாரப்பன் தொண்டை நிறையப் பழத்தோடு வந்து திரையைத் தொடுவான். உள்ளே போன் கிணுகிணுக்கும். "ஆருங்க?" என்று பொன்னாத்தா கேட்பாள். வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடும் என்பதால் அவன் "ம்ம்" என்பான். அவள் சல்லடையில் வாயை வைத்துக்கொண்டு, மலை எதிரொலிக்க, "ஏழு... மூணு... மூணு... ஒம்போது!" என்று கத்துவாள். அவன் அலகால் குத்துவான். கதவு திறக்கும். சாப்பாடு உள்ளே போகும்.

குஞ்சும் பொரிந்தது. மாரப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "மொதல்ல கொஞ்சம் பழகோணும். பழகிட்டா நம்ம வீட்டு ஆளு மாதிரி," என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். காடும் கேட்டுக்கொண்டது. பொன்னாத்தா கத்தியதையும் சேர்த்தே கேட்டுக்கொண்டது.

அப்படிக் கேட்டவர்களில் ஒரு மரநாயும் உண்டு. இருவாச்சிக் குஞ்சு என்றால் அதற்கு உயிர். பூசி அடைத்த பழைய பொந்துகளின் முன்னால் அது பல வருடம் ஏக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. இடுக்கில் மூக்கை வைத்தால் உள்ளிருந்து அலகு வந்து கொத்தும். இப்போது அதன் வாழ்க்கையிலும் தொழில்நுட்பம் ஒளியேற்றியது.

மாரப்பன் அத்திமரத்துக்குப் போயிருந்த நேரம். மரநாய் ஏறி வந்து திரையைத் தொட்டது. உள்ளே போன் கிணுகிணுத்தது.

"ஆருங்க?"

"ம்ம்," என்றது மரநாய்.

"அதுக்குள்ளயா வந்துட்டீங்க? ரெண்டு... எட்டு... எட்டு... நாலு!"

மரநாய் நிதானமாக அமுக்கியது.

"வணக்கம், மாரப்பன்! வீட்டுக்கு வருக!"

கதவு நகரத் தொடங்கியது. மரநாய் தலையை உள்ளே விட்டது. பொன்னாத்தாவின் எதிரே இரண்டு கண்கள் மின்னின. பின்னால் இறகு முளைக்காத குஞ்சு. அவளுக்கும் பறக்க இறகில்லை. பறந்தாலும் போவதற்கு வழி அந்த ஒன்றுதான். அதில் மரநாய் இருந்தது.

அந்த நொடியில் கதவு பாதியில் நின்றது. இனிமையாக ஒரு மணி அடித்தது.

"புதிய வசதிகளுக்காகக் கதவு புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம்."

மரநாயின் தலை உள்ளே. உடம்பு வெளியே. கழுத்து கதவுக்கும் மரத்துக்கும் நடுவில். முன்னே போக முடியவில்லை. பின்னே வர முடியவில்லை.

பொன்னாத்தா ஒரு மூச்சு விட்டாள். பிறகு தன் பெரிய அலகால் அதன் உச்சந்தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஐயோ! அக்கா, வீடு மாறி வந்துட்டனுங்க! விட்ருங்க்கா!"

"நானா புடிச்சிருக்கறன்? கதவு புடிச்சிருக்குது. அதுகிட்டக் கேளு."

"பொறுமைக்கு நன்றி, மாரப்பன்," என்றது கதவு.

"எம் பேரு மாரப்பன் இல்லீங்க்கா!"

"அதையும் அதுகிட்டயே சொல்லு," என்று அவள் அடுத்ததை வைத்தாள்.

மாரப்பன் வந்து பார்த்தபோது அவன் வீட்டு வாசலில் யாருடைய வாலோ தொங்கிக்கொண்டிருந்தது. தொண்டை நிறையப் பழம். "ம்ம்! ம்ம்!" என்று பதறினான்.

"ஓடிபி வர்லீங்க! சித்த இருங்க, உள்ள ஆள் இருக்குது!" என்றாள் பொன்னாத்தா, கொத்துவதை நிறுத்தாமல்.

அவன் பழங்களை எல்லாம் உமிழ்ந்துவிட்டு வாலைக் கவ்வி, காலை மரத்தில் ஊன்றி இழுத்தான். மரநாய் கொஞ்சம் ரோமத்தைக் கதவுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்து ஓடியது. கதவு நின்ற இடத்தில் நின்றது. புதுப்பிப்பு முடியவில்லை.

 குஞ்சு கத்திக்கொண்டிருந்தது.

"மண்ணு கொண்டாங்க," என்றாள் பொன்னாத்தா.

"எதுக்கு புள்ள?"

"எதுக்குன்னு கேக்கறீங்க பாருங்க."

கொண்டுவந்தான். அவள் எச்சத்தையும் பழச் சக்கையையும் சேர்த்துக் குழைத்து, திறந்து நின்ற இடைவெளியை அலகு அளவுக்குக் குறைத்தாள். பிறகு இடுக்கு வழியாக அலகை நீட்டி, கதவின் கண்ணையும் தேடிப் பிடித்து அதன்மேல் கனமாக அப்பினாள்.

"அதை எதுக்கு மூடற? அது நல்லாத்தான இருக்குது?"

"உங்களத் தெரியலைங்கற கண்ணு எனக்கு எதுக்குங்க?"

அவன் போய்த் தொண்டை வீங்கத் திரும்பி வந்து இடுக்கின் முன் நின்றான். அவள் உடனே அலகை நீட்டினாள். இத்தனை வருடமும் அந்த வீங்கிய தொண்டையைத்தான் அவள் அவனுடைய முகம் என்று அறிந்திருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும்.

ஆனால் மாரப்பன் ரோஷனிடம் சண்டைக்குப் போனான். ரோஷன் முழுவதும் கேட்டான். கண் கலங்கினான். "அங்கிள், உங்க குடும்பத்தையே எங்க கதவு காப்பாத்தியிருக்கு. திருடனைக் கழுத்தோட புடிச்சுக் குடுத்திருக்கு. இதை நீங்க நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா?"

மாரப்பன் யோசித்தான். அப்படிப் பார்த்தால் அதுவும் சரிதான். ஏமாந்தவன் என்று திரும்பி வருவதைவிட முன்னோடி என்று திரும்பி வருவது நல்லது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தான். 'என் வாழ்க்கையை மாற்றிய கதவு' என்று ஒரு வரியும் சேர்த்தான். அதுவும் பொய்யில்லை.

அடுத்த பருவத்தில் அந்தக் காட்டில் ஸ்மார்ட் கதவு இல்லாத இருவாச்சிப் பொந்தே கிடையாது. ஒவ்வொரு கதவும் புதுப்பிப்பு முடியாமல் பாதி திறந்து நின்றது. ஒவ்வொன்றின் கண்ணிலும் உள்ளே இருந்தவள் எச்சம் பூசியிருந்தாள். வெளியே இருந்தவன் அதன் அருமையைப் பேசிக்கொண்டிருந்தான். மரநாயை ரோஷன் பாதுகாப்பு ஆலோசகராக வேலைக்கு எடுத்துக்கொண்டான். கதவுகளின் பலவீனம் அவரைவிட யாருக்குத் தெரியும்? இப்போதெல்லாம் அவரை 'அது' என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வருடம் புதிய மாடல் வந்திருக்கிறது. அது பாதிக்குமேல் திறக்காது. மேலே எச்சமும் கம்பெனியிலேயே பூசி வருகிறது. யாருடைய எச்சம் என்று பொன்னாத்தா போன் போட்டுக் கேட்டாள். அதைத் தனியுரிமைக் கொள்கையின்படி சொல்வதற்கில்லை என்று மைனா வருத்தம் தெரிவித்தது.

நீதி: புதிய கருவி வாங்கிய வீட்டில் ஒருவர் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும், இன்னொருவர் அதன் கண்ணில் எச்சம் பூச வேண்டும். முதலாமவர் தவறினால் கம்பெனி பட்டினி. இரண்டாமவர் தவறினால் குடும்பம் பட்டினி.