பன்னிரண்டு பாத்தியும் மச்சான் அனுப்பிய இரண்டு எண்களும்

வட்டக்கச்சி,
25.03.2001

அன்புள்ள மைத்துனர் யோகநாதனுக்கு,

இங்கு நானும் உமது அக்கா இரஞ்சிதமும் நலம். உமது நலத்துக்கும் வவுனியாவில் நீர் வேலைசெய்யும் கந்தோர்க் கணினியின் நலத்துக்கும் பிள்ளையாரை வேண்டுகிறோம்.

வன்னிக்குள் யூரியா உரம் வரத் தடை என்பதால், பூவரசங்குழையை வெட்டிச் சேற்றில் தாழ்த்தினாலே நெல் கூடுதலாக விளையும் என்று கமக்காரர் சங்கத்தில் வாய்விட்டவன் நான். ஆறு பாத்திக்குக் குழை, ஆறு பாத்திக்கு ஒன்றுமில்லை. நெல்லை நிறுத்துப் பார்த்தால் குழைப் பாத்தியில்தான் கூடுதல். சங்கத் தலைவர் கதிர்காமநாதன் முன்னாள் கணித வாத்தியார், லேசில் விடுவாரா? "அது தற்செயலாயும் இருக்கும் சின்னராசா, ரீ சோதனை (t-test) எண்ட புள்ளிவிபரக் கணக்குச் செய்து காட்டும்" என்றார். கல்குலேட்டருக்குப் பற்றரி இல்லை. வர்க்கமூலத்தைக் கையாலேயே எடுத்து, மூன்று கொப்பி முடித்து, 2.05 என்று கண்டுபிடித்தேன். தற்செயல் இல்லை என்று காட்ட அது தாண்டவேண்டிய மாறுநிலைப் பெறுமானம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கடைசிப் பக்கம் கறையானின் வயிற்றில். அதனால்தான் உம்மைக் கேட்டேன்.

நீர் கணினியில், தற்செயலுக்கு நூற்றில் ஐந்து இடம் விட்டு 0.05 என்றும், பன்னிரண்டு பாத்தியில் இரண்டு கழித்துப் பத்து என்றும் அடித்து, 2.228 என்று எழுதினீர். ஐயோ, என்ர 2.05 அதைத் தாண்டேல்லை, தோத்துப் போனன் எண்டு ரெண்டு நாள் சங்கப் பக்கமே போகேல்லை. பிறகு வருது உம்மட ரெண்டாவது கடிதம்: "அத்தான், குறை நினையாதேங்கோ. மெசின் அடிச்ச எண்ணை ரெண்டாப் பிரிச்சு, கூடுதோ குறையுதோ எண்டு ரெண்டு பக்கமும் பாக்குது. நீங்கள் கூடுதோ எண்டு மட்டும்தானே கேட்டனீங்கள். அப்ப 0.10 எண்டு அடிக்கவேணும். விடை 1.812." அட கோதாரி விழுந்த மெசினே! குழை தாழ்த்தினா நெல் குறையுமோ எண்டு ஆர் அதைக் கேட்டது?

என்ர 2.05 அதைத் தாண்டிட்டுது, வெண்டிட்டன் மச்சான்! வாற வியாழன் கூட்டத்தில அறிவிக்கப் போறன். என்ர சொல்லை நம்பி நாப்பது குடும்பம் சிறுபோகத்துக்குப் பூவரசு வெட்டக் கத்தி தீட்டிக்கொண்டு நிக்குது. தலைவர் நம்பமாட்டார். எதை எப்படி அடித்தீர் என்று ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு உடனே அனுப்பும்.

உமது கந்தோரில் கரண்ட் நிற்காதிருக்க வாழ்த்தும்,
அத்தான் சின்னராசா

பி.கு.: இதை வாசித்துக் காட்டியதும் உமது அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. பின்னால் போய்க் கேட்டேன். "நீங்கள் சபையில தலைகுனியக் கூடாதெண்டு, நெல்மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைச்ச பழைய யூரியாவைக் குழைப் பாத்தி ஆறுக்கும் எறிஞ்சனான்" என்றா. எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. தாள் அனுப்பவேண்டாம். வியாழன் கூட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 1.812ஐ மட்டும் பத்திரமாக வைத்திரும், அடுத்த போகமும் பன்னிரண்டு பாத்திதான். யூரியா முடிந்துவிட்டதாம். சாக்கை உதறியும் பார்த்துவிட்டேன்.