பயந்தாங்கொள்ளி ஓவர்சியரின் நுரைக்கட்டிப் படகு

இப்போது தெர்மகோல் என்கிறார்களே, அந்த வெள்ளை நுரைக்கட்டி தண்ணீரைக் குடித்து உப்பி, படகோடு என்னையும் ஏரிக்கடியில் இழுத்துப் போய்விடும் என்றுதான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் எங்கள் தாலுகா ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

அதைப் படகில் திணித்தவர் எங்கள் பயந்தாங்கொள்ளி ஓவர்சியர். சித்தூர் ஜில்லாவில் சாவுக்கு அவ்வளவு பயந்த பிராணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓடு விழும் என்று ஆபீசுக்குள் குடை பிடித்துக்கொண்டு பைல் பார்ப்பார். திருப்பதி பஸ்ஸில் ஏறுமுன் டிரைவரை பிரேக் போட்டுக் காட்டச் சொல்வார்.

ஆந்திரா தனியாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த காலம். ஏரிக்கு அக்கரையில் இருந்த கிராமங்களில் விசாரிக்க எங்களுக்குச் சின்ன மோட்டார் படகு ஒன்று வந்தது. வழியில் இன்ஜின் அடிபடாமல் இருக்க அது வந்த பெட்டிக்குள் நுரைக்கட்டிகளை அடைத்திருந்தார்கள். ஓவர்சியர் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு, மேலே கல்லை வைத்து, பகல் முழுக்கக் காவல் இருந்தார். அது முழுகவில்லை. பிறகு எல்லாவற்றையும் அறுத்து, படகின் இரு பக்கமும் விளிம்பை ஒட்டி வைத்துப் பலகை அடித்தார். இன்ஜின் கனத்துக்காகப் பின்பக்கம் இன்னும் கொஞ்சம்.

"அடியில வைக்காம பக்கத்துல வைக்கிறீங்களே சார், இன்னா கணக்கு இது?" என்று கேட்டேன்.

"அடியில வெச்சா, தண்ணி பூந்ததும் படகு மல்லாந்துடும்யா. நுரை மேல, நீ கீழ. பரவால்லியா?"

"உக்காரவே எடம் இல்லியே சார்."

"எடம் இல்லாம எவனும் சாவல."

தாசில்தார், ஓவர்சியர், நான், படகோட்டி என்று நாலு பேர் கிளம்பினோம். நடு ஏரியில் மேகம் விலகித் திருமலை தெரிந்தது. எங்கள் பக்கத்து ஆள் எவனாவது அந்த மலையை உட்கார்ந்தபடி கும்பிட்டிருக்கிறானா? தாசில்தார் "கோவிந்தா" என்று எழுந்தார். அவர் நிற்கும்போது நான் உட்கார்ந்திருப்பது மரியாதையா? எழுந்தேன். படகோட்டியும் இன்ஜினை விட்டுவிட்டுக் கை கூப்பினான். மூவரும் ஒரே பக்கம். ஓவர்சியர் மட்டும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயாலேயே கும்பிட்டார்.

ஏரி உள்ளே வந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. ஏழுமலையானில் தொடங்கி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வரை எல்லோரையும் தமிழிலும் தெலுங்கிலும் கூப்பிட்டேன். குதிக்கப் போனபோது ஓவர்சியர் என் காலரைப் பிடித்து அமுக்கினார்.

"கூச்சோய்யா. எகிறினாதான் சாவு. கம்முனு உக்காந்துகினு இரு."

படகு முழுகவில்லை, கவிழவும் இல்லை. விளிம்பு வரை தண்ணீரை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. மார்பளவுத் தண்ணீரில் நாலு பேரும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மீன் பிடிக்க வந்தவர்கள் கரைக்கு இழுத்துப் போனார்கள். ஓவர்சியருக்கும் நீச்சல் தெரியாது என்பது அங்கேதான் தெரிந்தது. என் கால் தரையில் படும் வரை அவர் என் காலரை விடவில்லை.