மேற்பக்கம் வடக்கு

தாலிக்கொடிப் பெட்டி சாமியறையில்தான் இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் கேதீஸ்வரனுக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளையான தம்பி கோகுலனும் சொந்தக்காரரும் வான் வண்டியில் புறப்பட்டுப் போய்விட்டார்கள். பெட்டியை மற்றவர் எடுத்திருப்பார் என்று ஆளுக்காள் நினைத்துவிட்டார்கள்.

"பத்து ஐம்பதோடை முகூர்த்தம் முடியுது அண்ணை," தங்கை தர்சிகா தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். "மண்டபமும் நேற்றுத்தானே மாறினது. பொம்பிளை வீட்டுக்காரர் தந்த லொக்கேசனை அனுப்பியிருக்கிறன். பாத்து வருவியளோ?"

"ஆரிட்டைக் கேக்கிறாய்? இருபது வருசமாய்ப் புவியியல் படிப்பிக்கிறன்."

பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினார். கைபேசியில் வழி சொல்லத் தொடங்கிய பெண்குரலை முதல் வேலையாக அடக்கினார். வரைபடம் வாசிக்கத் தெரிந்தவருக்கு அதெல்லாம் எதற்கு? மண்டபத்தின் சிவப்பு அடையாளம் திரையின் உச்சியில் இருந்தது. வரைபடத்தின் மேற்பக்கம் வடக்கு. இதை மாற்றி எழுதிய எத்தனையோ பிள்ளைகளை அவர் வகுப்பில் வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, மல்லாகத்திலிருந்து நேரே வடக்கே விட்டார்.

வடக்கு கீரிமலையில் முடிந்தது. எதிரே கடல்.

கைபேசியை எடுத்துப் பார்த்தார். கடலைப் பார்த்து நின்றால் மண்டபம் திரையின் அடியில் கிடந்தது. ஸ்கூட்டியைத் திருப்பினால் உச்சிக்கு வந்தது. மண்டபத்துக்குக் கால் முளைத்துவிட்டதோ என்று அவர் குழம்பி நிற்கையில், சற்றுத் தள்ளி நின்ற மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டது. ஒரு துளி மழை இல்லாத நாளில் அந்த ஆள் உடம்பு முழுக்க மழைக்கோட்டுப் போட்டிருந்தான். ஹெல்மெற் முகத்தை மூடியிருந்தது. மல்லாகச் சந்தியிலும் இதே ஆள் பின்னால் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சட்டைப் பைக்குள் பதினொரு பவுண். கேதீஸ்வரன் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஸ்கூட்டியை முறுக்கினார். அவனும் முறுக்கினான். குறுகிய ஒழுங்கைக்குள் திருப்பினார், அவனும் திரும்பி, ஹோர்ன் வேறு அடித்தான். இன்னும் இரண்டு ஒழுங்கை மாறியதில் ஸ்கூட்டி ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் போய்ப் புதைந்தது. செம்மண்ணில் இழுத்து, வரம்பேற்றி, மறுபக்கத் தெருக் கடையடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து ஐந்து. இடையில் தர்சிகா நாலு தரம் அழைத்தாள். வரைபடத்தை மறைக்கிறது என்று நாலையும் வெட்டிவிட்டார்.

"அக்கா, இந்த மண்டபம் எங்கை இருக்கு?"

கடைக்கார அருமைநாயகி கைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

"இது அச்சுவேலிக்கு உள்பக்கம். கிழக்கை போறதுக்கு ஏன் கடற்கரைப் பக்கம் வந்தனீங்கள்?"

"மேலை காட்டினது. மேலை வடக்குத்தானே?"

"தம்பி, உது நீங்கள் திரும்புற பக்கமெல்லாம் தானும் திரும்பும். வடக்கு மேலை நிக்கோணுமெண்டால் மூலையிலை இருக்கிற திசைகாட்டியைத் தட்டுங்கோ." தட்டினாள். வரைபடம் சுழன்று ஒழுங்காக உட்கார்ந்தது. "வழி சொல்லுற பிள்ளையையும் கதைக்க விடுங்கோ. பாவம்."

வாங்கில் நின்ற பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கப்பட நேரமில்லை. தெருமுனையில் மீண்டும் ஹோர்ன் கேட்டது. கேதீஸ்வரன் பெண்குரலைத் திறந்துவிட்டார். அது சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நேரே போனார்.

பத்து நாற்பது. மண்டப வாசலில் சனம் முழுக்கத் தெருவில் நின்றது. எல்லார் முகத்திலும் கலவரம். தம்பியின் முகூர்த்தத்தைக் கெடுத்துவிட்டேனே என்று ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"தாலி இருக்கு, இந்தா," என்று பெட்டியை நீட்டினார். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஐயர் இன்னும் வரேல்லை அண்ணை," என்றாள் தர்சிகா. "அவரிட்டைப் பட்டன் ஃபோன். லொக்கேசனும் அனுப்பேலாது, அடிச்சால் எடுக்கிறாருமில்லை."

சொல்லக்கூடாதுதான், ஆனால் கேதீஸ்வரனுக்கு உள்ளூரப் பெரிய நிம்மதி. பிந்தியது தான் மட்டும் இல்லை. அந்த நிம்மதியை அனுபவித்து முடிக்குமுன் மோட்டார் சைக்கிள் வாசலுக்கே வந்துவிட்டது.

"உவனைப் பிடியுங்கோ, கள்ளன். கீரிமலையிலை இருந்து என்னைக் கலைச்சுக்கொண்டு வாறான்."

இரண்டு பேர் பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்தார்கள். வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றினார். உள்ளே குடுமியும் மூன்று குறி விபூதியும் இருந்தன. மழைக்கோட்டைத் திறந்தார். செம்மண் படாத வெள்ளை வேட்டி.

"உங்கடை வீட்டடிக்கு வழி கேக்கத்தான் வந்தனான், மாஸ்ரர்," என்றார் ஐயர், வியர்வையைத் துடைத்தபடி. "நீங்கள் அப்பதான் வெளிக்கிட்டியள். புவியியல் படிப்பிக்கிறவருக்குப் பின்னாலை போனால் வழி பிசகாது எண்டு நினைச்சுப்போட்டன்."