அக்கா இளைக்கிறாள், நாய் கொழுக்கிறது

பாசத்திற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய அன்புசெல்வன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மணியம்மாளின் இரண்டாவது மகளும், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியுமான காயத்ரி பணிந்து எழுதுவது. “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கினால் முதல் சொல்லே பொய்யாகிவிடும் என்பதால், ஆவலை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். திருப்பூரில் தாங்களும் அத்தையும் சௌக்கியமா? அங்கே மழை உண்டா? விசாரிப்புகள் இத்துடன் முடிந்தன. மாமா, நம்ம பூமிகா அக்கா செத்துப்போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் அக்கா கையில்தான் இருக்கிறது.

அக்காவைப் புதுவாயல் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டும் மேசையில் சேர்த்துவிட்டுத் தாங்கள் திருப்பூருக்கு மாற்றலாகிப் போனீர்கள் அல்லவா, அதற்கப்புறம் வந்த பெருமழையில் கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்து, துணி மாட்டிப் பார்க்கும் டம்மி பொம்மை முழுக்க ஊறி, இடுப்பு உப்பி, எந்தக் கவுனும் அதன்மேல் ஏறாமல் போய்விட்டது. சாம்பிள் பிரிவு வைஜயந்தி மேடம் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணாக அளந்து பார்த்ததில், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனி அனுப்பிய அளவுக்கு அக்காதான் அச்சாகப் பொருந்தினாளாம். அன்றிலிருந்து அவளுக்கு ஏ.சி. அறையில் வேலை. கவுனைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நிற்க வேண்டும்; அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா வீடியோவில் பார்த்து, திரும்பு என்றால் திரும்ப வேண்டும். கம்பெனியில் அவளுக்கு ‘டம்மி பூமிகா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு கடையில் தொங்கும் அத்தனை கவுனிலும் எங்கள் அக்காவின் இடுப்பு இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அந்த பையர் அளவைக் குறைத்துவிட்டார்கள். வைஜயந்தி மேடம் கெட்டவர் இல்லை மாமா, சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்: “பூமிகா, அங்க ஒரு சைஸ் கொறைச்சுட்டாங்க. நீயும் கொஞ்சம் கொறைச்சுக்கோயேன்.” என்னவோ காய்கறிக்காரரிடம் விலை குறைக்கச் சொல்வதுபோல. அக்கா அன்றைக்கே குறைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் கேட்டால் “கம்பெனியிலயே நாஷ்டா துன்னுட்டேன்” என்பாள். டிபன் பாக்ஸ் மட்டும் துடைத்து வைத்ததுபோல் காலியாகவே திரும்பி வரும். ஆனால் வளையல் கையிலிருந்து நழுவி விழுகிறது, மோதிரத்துக்கு நூல் சுற்றுகிறாள், குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். அம்மா கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் எல்லாரும் இருமினோம், அக்காவைத் தவிர. இருமக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்று எனக்குத் தோன்றியது. நைனாவுக்கு வேறு சந்தேகம். வயசுப் பொண்ணு சாப்பிடாமல் இளைத்தால் அதற்குப் பின்னால் ஒரு பையன் இருப்பான் என்று முடிவு கட்டி, “எவன்னு சொல்லிடு, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்” என்று அவளிடம் கத்திவிட்டு, மறுநாள் நெல்லுக்கு மருந்தடிப்பதை விட்டுவிட்டுத் தன் டி.வி.எஸ். வண்டியில் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னாலேயே போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் கவனிக்கவில்லை. கொலை நடந்தால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நைனா வண்டியை நிறுத்தாமலேயே வாசலில் இருந்து கூவினார்: “மணி! பையன் இல்ல, நாயி! வெறும் நாயிதான்!” புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கியதும் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, அங்கே படுத்திருக்கும் செவலை நாய்க்கு மொத்தத்தையும் கொட்டுகிறாளாம். நாய் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட மாட்டேன் என்கிறதாம், அவ்வளவு கொழுத்துவிட்டதாம். நைனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது, சிரித்துச் சிரித்துச் சொன்னார். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. “நான் இருட்டோட எழுந்து வறுத்து அரைச்ச கொழம்ப நாயிக்கா ஊத்திக்கினு கீறா?” என்று அழுதார். பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்பது இருவருக்குமே அப்புறம்தான் உறைத்தது.

அன்று அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நான் நூலகத்தில் படித்ததை அவளிடம் எடுத்துச் சொன்னேன் மாமா. பிரான்ஸ் தேசத்தில் மாடல்கள் டாக்டர் சான்றிதழ் காட்டினால்தான் வேலை செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது, சில இடங்களில் மிகவும் மெலிந்தவர்களை மேடையேற விடுவதில்லை, இங்கேயும் தடை செய்ய வேண்டும் என்றேன். “அதெல்லாம் மேடையில நடக்கறவங்களுக்குடி. நான் சும்மா நிக்கத்தான செய்யறேன்” என்றாள். நிற்கவே முடியாமல்தானே சுவரைப் பிடித்தாய் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “தடை பண்ணிட்டா என் வேலை இன்னா ஆவும்? மறுபடி நூல் வெட்டற டேபிளுக்குப் போவணுமா? நீ சோறு போடுவியா?” என்று கேட்டாள். “போட்டா மட்டும் துன்னுடுவியா?” என்று கேட்டுவிட்டேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதும் நியாயம்தான் மாமா. ஆளைத் தடை செய்தால் அக்கா நடுத்தெருவில் நிற்பாள். அளவை அல்லவா தடை செய்ய வேண்டும்? அந்த அளவில் தைத்த கவுனை வாங்கிப் போட அங்கே எத்தனை பெண்கள் தங்கள் சோற்றை எந்தெந்த நாய்க்குக் கொட்டுகிறார்களோ.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை, பேஜாராகிவிட்டது. இளைக்க வேண்டும் என்று அக்கா கொள்ளு ரசம் கேட்கிறாள். அம்மா சரி சரி என்று வைத்துக் கொடுத்து, அதில் ஒரு கரண்டி நெய்யை உருக்கி ஊற்றுகிறார். மோரில் வேர்க்கடலையை அரைத்துக் கலக்குகிறார். “அம்மா எதுனா கலந்தாங்களாடி?” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். “சொன்னேன்னா பாரு” என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கண்ணாலேயே சொல்கிறார். இருவருக்கும் நடுவில் டம்ளரை ஏந்தி நிற்பது நான். எந்தப் பக்கம் பொய் சொன்னாலும் பாவம்.

நெய் தன் வேலையைக் காட்டிவிட்டது. போன வாரம் புது கவுன் வந்து, வீடியோவில் வெள்ளைக்கார அம்மா காத்திருக்க, முதுகுப் பக்கம் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. “மூச்சப் பிடி பூமிகா” என்றாராம் மேடம். அக்கா பிடித்தாள். ஜிப் ஏறிவிட்டது. அந்த அம்மா ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டே போக, மேடம் தலையாட்டிக்கொண்டே இருக்க, மூச்சை விடு என்று சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். அக்கா அப்படியே சாய்ந்து, மூலையில் கிடந்த அந்த உப்பிய டம்மி மேலேயே விழுந்திருக்கிறாள். நல்லவேளை, அதற்கு உடம்பு இருந்தது. மேடமே கம்பெனி வேனில் கொண்டுவந்து விட்டார். அக்காவின் உதடு வெள்ளையாக இருந்தது மாமா. நான் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். இப்போது இன்னும் பிடிவாதமாக, வெள்ளரிக்காய் மட்டும்தான் தின்பேன் என்கிறாள். சனிக்கிழமை அதே கவுனோடு மறுபடி வீடியோவாம். ஆகவே தாங்கள் எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் புறப்பட்டு வந்து, அக்காவை வேறு பிரிவில் போடும்படி கம்பெனியில் பேச வேண்டும். தாங்கள் சொன்னால்தான் அவள் கேட்பாள். இப்படிப்பட்ட அளவுகளை உலகம் முழுவதும் தடை செய்ய வேண்டும் என்றும் கண்டித்துச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். தம்பி பரத்துக்கு என் முத்தங்கள். அவனை நன்றாகச் சாப்பிடச் சொல்லவும். தாங்கள் நீடூழி வாழவும் வெள்ளிக்கிழமை வரவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
கா. காயத்ரி

பின்குறிப்பு: மாமா, தாங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து கிழித்துவிடவும். இப்போதுதான் வைஜயந்தி மேடம் போன் செய்தார். அக்காவுக்கு இனிமேல் அந்த வேலை இல்லையாம், சாம்பிள் அறையிலேயே உட்கார்ந்து பட்டன் வைக்கலாமாம். அக்கா கொஞ்சம் அழுதாள், பிறகு நிம்மதியாக மூக்கைச் சிந்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மேடம் என்னிடமும் பேசினார். “அன்னிக்கு வேன்ல வந்தப்ப வாசல்ல நின்னியே, அந்த ஒல்லிப் பொண்ணு நீதானே? சனிக்கிழமை லீவுதானேம்மா, ஒரு மணி நேரம் வந்து நின்னுட்டுப் போயேன்” என்றார். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் மாமா, எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் நேருக்கு நேர், இந்த அளவு தவறு, இதைத் தடை செய்யுங்கள் என்று நானே சொல்லிவிடலாம் அல்லவா? அதைச் சொல்வதற்கு முதலில் அந்தக் கவுனுக்குள் நுழைய வேண்டும். மேடம் சொன்ன அளவுக்கு டேப்பால் அளந்து பார்த்தேன், கொஞ்சம்தான் இடிக்கிறது. அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மா எனக்கும் ஒன்று ஊற்றட்டுமா என்று கேட்டார். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பசிக்கிறது மாமா.