எண்பது ஷாப்டும் ஒரு டிப்ளமோவும்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முப்பது வயதுவரை எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டவர்களைக்கூடத் தப்பான பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேனே தவிர, தெரியாது என்று சொன்னதில்லை. (மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவனுக்குப் பஸ் தெரியாதா என்ன.)

அப்போது திண்டுக்கல்லில் காதர் பாயின் பிளாஸ்டிங் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். கடைந்து வந்த உலோகப் பாகங்களைக் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் வைத்து, காற்றழுத்தத்தில் பொடியைப் பீய்ச்சி அடிப்பதுதான் தொழில். பொடியைப் பொறுத்து உலோகத்தின் முகம் மாறும். நுண்ணிய கண்ணாடி மணிகளால் அடித்தால் லேத்தின் கோடுகள் மறைந்து, பால் ஏடு படிந்த மாதிரி மென்மையாக மங்கும். கறுப்புக் கரகரப்புப் பொடி அப்படியில்லை, உலோகத்தையே அரித்து எடுத்துவிடும்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் மச்சான் செல்வராஜ், என் மனைவியின் அண்ணன். கன்னிவாடி ரோட்டில் சொந்தமாக லேத்தும் கிரைண்டிங் மிஷினும் வைத்திருந்தார். மசாலா அரைக்கும் மிஷின் செய்யும் ஒரு கம்பெனி அவருக்கு முதல்முறையாக எண்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாப்டுகளுக்கு, அதாவது மிஷினுக்குள் சுழலும் தண்டுகளுக்கு, ஆர்டர் கொடுத்திருந்தது. சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை. பேரிங் உட்காரும் இரண்டு முனைகளையும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்து முடிக்க அவருக்குப் பதினெட்டு நாள் ஆனது. அதைக் கொண்டுவந்து என்னிடம் இறக்கினார்.

"படத்துல எல்லாம் போட்டிருக்கு மாப்ள. பாத்து அடிங்க."

"அத விடுங்க மச்சான், நான் இருக்கேன்ல."

படத்தில் இரண்டு முனைகளிலும் சாய்கோடு போட்டிருந்தது. கோடு போட்ட இடத்தை மூடிவிட்டு மற்ற இடத்தை அடிக்க வேண்டும் என்று மூலையில் சின்ன எழுத்தில் குறிப்பும் இருந்தது. குறிப்பைப் படிப்பது படிக்காதவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். கோடு போட்ட இடம்தான் அடிக்கும் இடம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அடிக்கக் கூடாத இடங்களை மூடி டேப் ஒட்டும் ஜெயராணி ஒரு ஷாப்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், பளபளன்னு இருக்குற எடத்தவா அடிக்கணும்? இம்புட்டு அழகா தேச்சிருக்காங்களே."

"பளபளப்ப மங்க வைக்கத்தானம்மா நம்மகிட்ட கொண்டு வாராங்க" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். "பாய்க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமா சார்?" என்றார். பாய் திருச்சியில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கல்யாண வீட்டில் மனுஷனைத் தொந்தரவு செய்வானேன் என்று அதையும் பெருந்தன்மையாக மறுத்தேன்.

கண்ணாடி மணியில் முனைகள் லேசாகத்தான் மங்கின. அத்தோடு விட்டிருந்தாலாவது ஏதாவது செய்திருக்கலாம். எனக்குத் திருப்தி வரவில்லை. கறுப்புப் பொடியைக் கொட்டச் சொல்லி, எண்பதையும் நானே பெட்டிக்குள் கைவிட்டு அடித்தேன். எதற்கும் குறை வைக்கவில்லை.

மறுநாள் மச்சான் வந்தார். டேப்பை உரித்ததும் நடுப்பகுதியில் லேத் கோடுகள் அப்படியே இருந்தன. முனைகள் உப்புத்தாள் மாதிரி இருந்தன. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து முனையில் வைத்தார். அழுத்தித் தள்ளினால்தான் இறங்க வேண்டியது, கையை எடுத்ததும் லொடலொடவென்று ஆடிக்கொண்டு இறங்கியது.

அடுத்ததில் போட்டார். அதற்கடுத்ததிலும் போட்டார். ஒன்றிரண்டாவது தப்பியிருக்காதா என்று எண்பதிலும் போட்டுப் பார்த்தார். என் வேலையில் ஏற்றத்தாழ்வே கிடையாது, எண்பதும் ஒரே மாதிரி இருந்தன.

கடைசி ஷாப்டைக் கீழே வைத்துவிட்டு, "சாப்டீங்களா மாப்ள?" என்று கேட்டார். "தெரியல மச்சான்" என்றேன், முதல்முறையாக.

ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. பாய் என்னை அனுப்பிவிட்டு, சூப்பர்வைசர் நாற்காலியில் ஜெயராணியை உட்காரவைத்தார். (அதன்பிறகு அங்கே ஒரு ஷாப்டுகூடக் கெட்டதில்லை என்று கேள்வி.) மச்சான் ஆறு மாதம் சமாளித்துப் பார்த்தார். பிறகு கிரைண்டிங் மிஷினை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறார்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் சொல்லாத விசேஷம் கிடையாது. சொல்பவரும் மச்சான்தான். "மாப்ள கையில சிறுமலை வாழப்பழத்தக் குடுத்துப் பாருங்க. தோலத் தின்னுபுட்டுப் பழத்த எறிஞ்சிருவாரு" என்பார். பந்தியில் எல்லாரும் சிரிப்பார்கள். இலையில் பழம் வைத்தால் என் மகளே, "அப்பா, எத உரிக்கணும்னு தெரியும்ல?" என்று கேட்கிறாள். நானும் சிரித்துவிடுவேன்.

மச்சானின் மனைவி மட்டும் இதுவரை சிரித்ததில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. "தம்பி, இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க" என்பார். பிறகு உள்ளே போய், சாயங்காலக் கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு மச்சானின் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.