சும்மா சன்னல் பிடிக்க வந்தவர்

இப்போதெல்லாம் மனுசர்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. சோற்றைப் பிசைவதற்கு முன்னால் ஒரு போட்டோ. பிள்ளை விழுந்தால் தூக்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ. போன மாதம் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு சாவு விழுந்தது. பாடை தூக்க ஆள் கிடைக்கவில்லை, படம் பிடிக்க மட்டும் கூட்டம் நெரிந்தது.

கந்தப்பன் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கழுத்தில் கேமரா தொங்க ஒரு மனுசர் லயத்து வரிசையில் ஒவ்வொரு சன்னலையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கிட்ட வந்ததும்தான் தெரிந்தது, கும்பிடவில்லை, குனிந்து படம் பிடிக்கிறார்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டு செவுத்துல என்னா பாக்குறீங்க?"

"யன்னல் பாக்கிறன் ஐயா. பேர் சுகிர்தன். பழைய கட்டிடம், யன்னல், சனம் தண்ணி அள்ளுறது, உடுப்புக் காயப்போடுறது, இப்பிடி எல்லாம் படம் எடுக்கிறது என்ர பொழுதுபோக்கு."

யாழ்ப்பாணப் பேச்சு. அந்தப் பேச்சு பேசுகிறவர்கள் தோட்டத்துக்குள் வந்தால் ஒன்று வாத்தியார், இல்லாவிட்டால் அரசாங்கக் கந்தோர் ஆள். வாத்தியாராக இருந்தால் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். இவர் சன்னலையல்லவா பார்க்கிறார்?

"ஆபீசருங்களா?"

"இண்டைக்கு லீவு ஐயா," என்று சிரித்தார் சுகிர்தன். "ஞாயிற்றுக்கிழமையில எனக்கு யன்னல் மட்டும்தான்."

"யாரு அனுப்புனா?"

"ஒருத்தரும் இல்லை. சும்மாதான்."

சும்மா! கந்தப்பன் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனாலும் ஒரு பாடத்தை மட்டும் பிழையில்லாமல் படித்திருந்தார்: சும்மா வந்தவன் எவனும் சும்மா போனதில்லை. சும்மா தலை எண்ண வந்தவன் ஓட்டுக் கேட்டான். சும்மா தேத்தண்ணி குடிக்க வந்தவன் கடன் தந்துவிட்டு வட்டிக்கு வந்தான்.

அதுவும் இந்த நேரத்தில்! போன வாரம்தான் கோயில் கூட்டத்தில் தோட்டத் தலைவர் சொன்னார்: "புது வீடு வருது. ஆக மோசமான காம்பிராவுக்குத்தான் மொதல் வீடு. ஆபீசருங்க வந்து பாப்பாங்க."

கந்தப்பனுக்கு அந்த வீடு வேண்டும். இருப்பது ஒரே அறை, ஒரே காம்பிரா. அதில் மகன் தர்ஷனும் மாசமாக இருக்கும் மருமகள் லோஜினியும் படுத்தார்கள். வெளியே இஸ்தோப்பில், சாக்கு மறைப்புக்குள், கந்தப்பனும் மனைவி காளியாயியும் காளியாயியின் இருமலும் படுத்தார்கள். பிள்ளை பிறந்தால் யார் எங்கே படுப்பது என்று யாருக்கும் தெரியாது. காளியாயியின் நெஞ்சு இன்னொரு பனிக்காலத்தைத் தாங்குமா என்பதும் தெரியாது. அதைக் கந்தப்பன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாகத்தான் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சுகிர்தன் பக்கத்துக் காம்பிரா வீரய்யாவின் சன்னலுக்குப் போனார். ஒரு பலகை தொங்குகிறது, மற்றப் பலகையைக் காணோம், ஓட்டையில் பழைய காற்சட்டை அடைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மனுசர் சேற்றில் மண்டிபோட்டார். படுத்து ஒரு படம், நிமிர்ந்து ஒரு படம். பிறகு கந்தப்பனின் சன்னலுக்கு வந்தார். திருவிழாவுக்கென்று கந்தப்பன் தன் கையாலேயே நீலப் பெயின்ட் அடித்த சன்னல். ஒரே ஒரு கிளிக்.

"நல்ல வடிவா வச்சிருக்கிறியள் ஐயா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கந்தப்பன் காளியாயியிடம் ஓடினார்.

"போச்சுடி! வீரய்யாவுக்கு வீடு கெடச்சிருச்சி. நமக்கு வடிவாம், அழகாம்!"

"அந்த ஆளு போட்டோ புடிக்கிறவரு மாதிரிதாங்க இருக்காரு," என்றாள் காளியாயி.

"அட்டைக்கடி வாங்கிக்கிட்டு மேடு ஏறி வந்து, சும்மா ஒருத்தன் சன்னல போட்டோ புடிப்பானாடி?"

"நீங்க பொழுதன்னைக்கும் குந்திக்கிட்டு ஊரு ஒலகத்த திட்டுறீங்களே, அதுக்கு யாரும் சம்பளம் தர்றாங்களா? சும்மாதான?"

பதில் இல்லாத கேள்விகளைக் கந்தப்பன் காதில் வாங்குவதில்லை.

மறுநாளே கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். தேயிலைச் செடியை வெட்டிப் பழகிய கை, பெயின்டைச் சும்மா விடுமா? நீலத்தைச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே செங்காவி. அதற்கும் கீழே வெள்ளைக்காரன் காலத்து மஞ்சள். எல்லாம் திட்டுத் திட்டாக, சொறி பிடித்த நாய் மாதிரி ஆனபிறகு அடுப்புக் கரியையும் பூசி, தூர நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

"ஏன் மச்சான், சன்னலுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று வீரய்யா எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஒன்னோட காச்சட்டைய பாத்துக்க!" என்றார் கந்தப்பன்.

அடுத்த ஞாயிறும் சுகிர்தன் வருவதாக ஆட்டோக்கார மதுரன் சொல்லியிருந்தான். அவரைக் கொட்டகலை ஸ்டேசனிலிருந்து ஏற்றி வருகிறவன் அவன்தான். கந்தப்பன் மனைவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"சன்னலுக்குப் பக்கத்துல மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு நில்லு. ஒரு இருமலு இருமு. அது போதும்."

ஆட்டோ சத்தம் கேட்டது. காளியாயி வெளியே வந்தாள். தேர்த் திருவிழாவுக்குக் கட்டிய மாம்பழக் கலர்ச் சேலை. முகத்தில் அரை டப்பா பவுடர். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் ரோசாப்பூவைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்பதுபோல விறைப்பாக நின்றாள்.

"என்னாடி இது கோலம்?"

"போட்டோன்னா பவுடரு போடாம எப்புடிங்க?"

"இருமவாச்சும் செய்யி!"

வருசக்கணக்காக விடாமல் வந்த இருமல், கேமராவைக் கண்டதும் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது.

சுகிர்தனோ சன்னலைக் கண்டதும் வாயைப் பிளந்தார். "ஐயோ ஐயா! இவ்வளவு நிறமும் உள்ளுக்க இருந்ததோ? அம்மா, அப்பிடியே நில்லுங்கோ! அருமை, அருமை!" கேமரா ஓயவில்லை. போகும்போது கையைப் பிடித்துச் சொன்னார்: "இந்தத் தோட்டத்திலயே ஆக வடிவான வீடு உங்கடைதான்."

அன்று கந்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சுரண்டினாலும் அழகாகிறது. கரி பூசினாலும் அழகாகிறது. அறுபத்தெட்டு வயதில் தனக்கு இப்படி ஒரு கைராசி இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

இனி அரைகுறை வேலை சரிவராது. சுத்தியலை எடுத்துச் சன்னல் பலகை இரண்டையும் தட்டிக் கழற்றினார். காளியாயி அதை விறகென்று நினைத்து அடுப்பில் வைத்துவிட்டாள். சனிக்கிழமை கூரைமேல் ஏறி ஒரு தகரத்தின் ஆணியைப் பிடுங்கித் தூக்கினார். தூக்கிய தகரம் மறுபடி படிந்துகொண்டே இருந்தது. முட்டுக்கொடுக்க ஒன்றும் அகப்படாமல், கால் செருப்பில் ஒன்றைக் கழற்றிச் செருகிவிட்டு இறங்கினார்.

அவர் இறங்குவதற்காகவே காத்திருந்ததுபோல மழை பிடித்தது.

"மாமா! படுக்கையில தண்ணி!" என்று லோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

தர்ஷன் ஏணியைத் தூக்கினான். "நவுருங்கப்பா, நான் ஏறிப் பாக்குறேன்."

"தொடாதடா! அது அப்புடித்தான் ஒழுகணும்!"

"என்னப்பா பேசுறீங்க?"

"ஆபீசரு பாக்குற வரைக்கும் ஒழுகட்டும்!"

அன்றைக்கு இஸ்தோப்பில் நாலு பேர் படுத்தார்கள். காளியாயியின் இருமல் வெட்கத்தை விட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு தடவை, "புது வீடு வருதாம், புது வீடு," என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கந்தப்பன் தூங்குவதுபோல நடித்தார். அதையும் ஒழுங்காக நடிக்கத் தெரியவில்லை. குறட்டை விட மறந்துவிட்டார்.

ஞாயிறு காலை, மழை கொஞ்சம் வெறித்ததும் ஆட்டோ வந்தது. சுகிர்தன் இறங்கினார். ஓட்டையாக நின்ற சன்னலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஐயா, அந்த யன்னலுக்கு என்ன நடந்தது?"

"இத்துப்போயி விழுந்திருச்சிங்க. கூரையும் ஒழுகுது. நாலு பேரும் இஸ்தோப்புலதாங்க கெடக்கிறோம்," என்றார் கந்தப்பன், ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலில்.

சுகிர்தன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து கந்தப்பனின் காலைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார்.

"ஐயா, உங்கட மற்றச் செருப்பு மேல நிக்குது."

லோஜினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கந்தப்பன் செருப்பில்லாத காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்தார்.

"உண்மையச் சொல்லுங்க சார். நீங்க யாரு? எதுக்கு எங்க சன்னல போட்டோ புடிக்கிறீங்க?"

"நான்தான் சொன்னனே ஐயா. இஞ்ச பாருங்கோ."

சுகிர்தன் பக்கத்தில் குந்திக் கேமராவைக் காட்டினார். சன்னலாக வந்தது. வட்டவளை ஸ்டேசன் சன்னல், அதில் தூங்கும் பூனை. டயகமவில் இடிந்த தேயிலை ஸ்டோர் ஒன்றின் சன்னல், அதில் முளைத்த ஆலங்கன்று. ஒரு பழைய பங்களாவின் கக்கூஸ் சன்னல். அதை மட்டும் பத்து விதமாகப் பிடித்திருந்தார். "இதில வெயில் விழுற விதத்தப் பாருங்கோ ஐயா," என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

கந்தப்பன் கக்கூஸ் சன்னலைப் பார்த்தார். சுகிர்தனின் கண்ணைப் பார்த்தார். எந்தக் கந்தோரும் இதற்குச் சம்பளம் தராது. இந்த மனுசர் ஆபீசர் இல்லை. பாவம், மண்டையில் ஏதோ கோளாறு.

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆயுசில் முதல் தடவையாகக் கந்தப்பன் ஒரு மனுசரை நம்பினார். நம்பிப் பழக்கமில்லாததால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

"அட சார்! நான் ஒங்கள வீட்டு ஆபீசருன்னுல நெனச்சேன்! சன்னல் எங்க இத்துப்போச்சி? நாந்தான் சுத்தியலால ஒடச்சேன். கூரை ஒழுகுதா? நாப்பது வருசமா ஒரு சொட்டு ஒழுகினதில்ல சார்! கோட்டை மாதிரி காம்பிரா! ஆபீசரு கண்ணுல மண்ணத் தூவலாம்னு பாத்தேன், என் கண்ணுலயே விழுந்திருச்சி!"

சுகிர்தன் சிரித்தார். கந்தப்பனும் சிரித்தார். காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, போதும்ங்க," என்றாள்.

"சும்மா இருடி. சார் நம்ம ஆளு."

"ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ? அந்தச் சுத்தியலையும் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

கந்தப்பன் தகரத்துக்குக் கீழேயிருந்து செருப்பை எடுத்து வந்தார். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் செருப்பு, முதுகுக்குப் பின்னால் ஓட்டைச் சன்னல். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். பவுடர் போடாததுதான் ஒரு குறை.

சுகிர்தன் தண்ணீர்ப் பீலியடியில் உடுப்புத் துவைக்கிறவர்களைப் படம் பிடிக்க இறங்கிப் போனார். அவருடைய குடையை எடுத்துப்போக மதுரன் வந்தான்.

"என்னா தாத்தா, சாரோட ஒரே சிரிப்பு?"

"நல்ல மனுசன்டா. கொஞ்சம் கிறுக்கு. ஏன்டா, அவருக்கு வேலவெட்டி ஒன்னும் இல்லையா?"

"நாளையில இருந்து இருக்கே. இன்னக்கித்தான் எங்கிட்ட சொன்னாரு. கொட்டகலையில புது வீட்டுத் திட்டத்துக்கு மாத்தலாகி வந்திருக்காராம். நம்ம தோட்டத்துல யாருக்கு வீடுன்னு முடிவு பண்றதே அவருதான். தெனம் கந்தோருக்குக் கூட்டிப்போக என் வண்டியத்தான் பேசியிருக்காரு."

காளியாயி சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கந்தப்பன் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு, நிதானமாகக் காலை நுழைத்தார்.

"போடா பொய்க்காரப் பயலே! ஆபீசரு எங்கயாச்சும் கக்கூஸ் சன்னல போட்டோ புடிப்பானா?"

சொல்லிவிட்டு, சன்னலுக்குப் பலகை தேடிச் சுத்தியலோடு மேட்டுப் பாதையில் நடந்தார்.